கிளட்ச் ஆயில் கறுத்துப்போச்சா? பழைய கார்ல மாத்தலாமா, அப்படியே விட்டுடலாமா?

பத்து, பன்னிரண்டு வருஷம் ஓடிய செகண்ட் ஹேண்ட் காரைத் தங்கள் முதல் காராக வாங்குபவர்கள் நிறைய பேர். வாங்கின கையோடு இன்ஜின் ஆயில் மாற்றுவோம், ஏ.சி கேஸ் செக் பண்ணுவோம், புது சீட் கவர் போடுவோம். ஆனால், பானெட்டுக்குள் டிரைவர் பக்கம் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். உள்ளே டிகாஷன் கலரில் ஏதோ ஒன்று நிற்கும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. அதுதான் கிளட்ச் ஆயில்.

அதைப் பற்றி மெக்கானிக்கிடம் கேட்டால் இரண்டு விதமான பதில்கள் வரும். ஒருவர், "இவ்ளோ கறுப்பா இருக்கே... உடனே மாத்திடுங்க" என்பார். இன்னொருவர், "நல்லா ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கிறீங்க? பழைய சீல் எல்லாம். புது ஆயில் பட்டா லீக் அடிச்சிடும்" என்பார். இரண்டு பேரும் அனுபவத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் உங்கள் காருக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே பத்து நிமிடத்தில் ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதல்ல, உங்க கார்ல கிளட்ச் ஆயில் இருக்கா?

எல்லா காரிலும் இருக்காது. மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்ட்டோ போன்றவற்றில் கிளட்ச் பெடலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போவது ஒரு கேபிள். பைக்கில் இருப்பது போலத்தான். அங்கே ஆயிலே கிடையாது. பெடல் டைட்டாக இருந்தால் கேபிளைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட காருக்கு யாராவது "கிளட்ச் ஆயில் மாத்தினேன்" என்று பில் போட்டால், எந்த ஆயில், எங்கே ஊற்றினார் என்று கேளுங்கள்!

இன்னோவா, ஸ்கார்பியோ மாதிரியான வண்டிகளில் இருப்பது ஹைட்ராலிக் கிளட்ச். பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவுக்குப் பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொரு டப்பா இருந்தால் அது கிளட்சுக்கானது. ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ போன்ற கார்களில் தனி டப்பா இருக்காது. பிரேக் டப்பாவின் பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் கிளம்பிப் போகும். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா, ஒரே ஆயில்.

அந்தச் சின்ன டப்பாவுக்குள்ள என்னதான் நடக்குது?

கடையில் "கிளட்ச் ஆயில்" என்று கேட்டாலும் பெரும்பாலும் கையில் கிடைப்பது பிரேக் ஆயில்தான். பாட்டில் மேல் டாட் 3, டாட் 4 என்று இருக்கும். டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச்சுருக்கம். அவர்கள் வகுத்த தரம்தான் அந்த எண்.

நீங்கள் பெடலை மிதிக்கும்போது மேலே இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் இந்த ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் ஒரு பைப் வழியாகப் போய், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுகிறது. அது கிளட்சை இன்ஜினிலிருந்து பிரிக்கிறது. இந்த இரண்டு சிலிண்டருக்குள்ளும் ஆயிலை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பது விரல் மோதிரம் அளவுக்கான சில ரப்பர் சீல்கள்தான்.

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் நமத்துப்போகிற மாதிரி, இது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூடி போட்டிருந்தாலும் மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 3-க்கு 205 டிகிரி, தண்ணீர் சேர்ந்தால் 140.

பிரேக்கில் சக்கரத்தின் சூடு நேரடியாக ஆயிலுக்கு ஏறும். அதனால் அங்கே கொதிநிலை குறைவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கிளட்ச் ஆயில் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. இங்கே பெரிய எதிரி துரு. உள்ளே போன ஈரம் சிலிண்டரின் வழவழப்பான உள்சுவரை மெதுவாக அரிக்கும். பொடிப்பொடியாகப் பள்ளம் விழும். ஒவ்வொரு முறை பெடல் மிதிக்கும்போதும் ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பின் மேல் உரசிக்கொண்டு போய் வரும். சீல் தேயும், தேய்ந்த ரப்பர் ஆயிலில் கலக்கும். ஆயில் கறுப்பாவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு சிக்கல், இந்த ஆயில் இன்ஜின் ஆயில் போல சுற்றி வருவதில்லை. பைப்புக்குள் கொஞ்ச தூரம் முன்னே போகும், அப்படியே பின்னே வரும். கடைசியில் ஸ்லேவ் சிலிண்டர் ஓரம் நிற்கிற ஆயில், வருஷக்கணக்கில் அங்கேயேதான் நிற்கும். பிரேக் ஆயிலை இரண்டு, மூன்று வருடங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பல கார் நிறுவனங்களின் கையேட்டிலேயே இருக்கும். சர்வீஸில் பிரேக்குக்கு மட்டும் அதைச் செய்துவிட்டு, கிளட்ச் லைனை அப்படியே விட்டுவிடுவதும் நடக்கிறது. அதனால்தான் பன்னிரண்டு வருஷக் காரில் பன்னிரண்டு வருஷ கிளட்ச் ஆயிலைப் பார்க்க முடிகிறது.

கலரைவிட லெவலைப் பாருங்க

புது ஆயில் இளம் மஞ்சளாக, கிட்டத்தட்ட தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். கறுத்திருந்தால் பழசு என்று அர்த்தம், அவ்வளவுதான். சீல் போய்விட்டது என்று கலரை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

லெவல்தான் அதிகம் பேசும். பிரேக்கில் பேடு தேயத் தேய ஆயில் லெவல் கொஞ்சம் இறங்குவது சகஜம். ஹைட்ராலிக் கிளட்ச் இதற்கு நேர் எதிர். பெரும்பாலான கார்களில் கிளட்ச் பிளேட் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் உள்பக்கமாகத் தள்ளப்படும். அதனால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பி, லெவல் லேசாக ஏறத்தான் செய்யும். ஆகவே கிளட்சுக்குத் தனி டப்பா இருக்கிற காரில் லெவல் குறைந்துகொண்டே போனால், "வண்டி குடிச்சிருக்கும்" என்று நினைக்காதீர்கள். எங்கேயோ கசிகிறது. ஒரே டப்பா இருக்கிற காரில் குழப்பம் வரலாம், பிரேக் பேடு தேய்வாலும் இறங்கியிருக்கலாம். அங்கே பேடையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்து நிமிஷ டெஸ்ட்

ஒன்று: இன்ஜின் ஆஃப். மொபைல் டார்ச்சை அடித்து கிளட்ச் பெடலுக்கு மேலே பாருங்கள். பெடலிலிருந்து ஒரு கம்பி உள்ளே போகும். அந்த இடத்தை விரலால் தொட்டால் ஈரமாக, வழுக்கலாக இருக்கிறதா? கீழே மேட் நனைந்திருக்கிறதா? அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. பானெட்டுக்குள் அந்த இடத்தைச் சுற்றி பெயின்ட் உப்பியோ, உரிந்தோ இருந்தாலும் சந்தேகப்படலாம். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் போய்விடும்.

இரண்டு: வண்டிக்கு அடியில், கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். ஈரமோ, தரையில் சொட்டோ இருந்தால் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் ஆயிலைவிட மெலிதாக, தண்ணீர் போல ஓடினால் ஸ்லேவ் பக்கம் கசிவு இருக்கலாம். தொட்ட பிறகு கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

மூன்று: இன்ஜினை ஆன் பண்ணி, நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுசாக மிதியுங்கள். நாலைந்து செகண்ட் விட்டு ரிவர்ஸ் போடுங்கள். வழுக்கிக்கொண்டு விழுந்தால் நல்லது. "கர்ர்ர்" என்று கத்தினால் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. உடனே பெடலை மூன்று, நான்கு முறை பம்ப் பண்ணிவிட்டுப் போட்டால் ஒழுங்காக விழுகிறதா? லைனில் காற்று இருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் தேய்ந்திருக்கலாம்.

நான்கு: முன்னால் சுவரோ, ஆளோ இல்லாத சமதளத்தில் ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஒரு நிமிடம் வைத்திருங்கள். வலது கால் பிரேக் மேல் தயாராக இருக்கட்டும். மிதித்த கால் மிதித்தபடி இருக்க, வண்டி மெல்ல முன்னே நகரப் பார்த்தால், உள்ளே ஆயில் சீலைத் தாண்டி நழுவுகிறது. சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கிற பைக்கை இடிக்க வைக்கிற கோளாறு இது.

ஐந்து: காலியான ரோட்டில் நாலாவது கியரில் 40 கி.மீ வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. இதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தம் இல்லை. பெடல் கல்லு மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் பக்கம்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

'கை வச்சா லீக் ஆகும்'... உண்மையா?

இந்தப் பயம் பெரும்பாலும் பிரேக்கிலிருந்து வந்தது. தினசரி ஓட்டத்தில் பிரேக் பெடலை நாம் பாதி தூரம்தான் மிதிக்கிறோம். சிலிண்டரின் மீதிப் பகுதியில் வருஷக்கணக்கில் துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கும். ஆயில் மாற்றும்போது பெடலைத் தரை வரை அமுக்கினால், சீல் முதன்முறையாக அந்தக் கரடுமுரடான இடத்துக்குப் போய்க் கிழிபடலாம். பழைய காரில் இது நடக்கக்கூடியதுதான்.

ஆனால் கிளட்ச் பெடலை நாம் ஒவ்வொரு கியருக்கும் தரை வரைதான் மிதிக்கிறோம். சென்னை டிராஃபிக்கில் ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். சீல் தினமும் முழு தூரமும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் மாஸ்டர் சிலிண்டரில் இந்த ஆபத்து பிரேக்கைவிட ரொம்பக் குறைவு.

அப்படியானால் "ஆயில் மாத்தின மறுவாரமே போச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அதற்கு வேறு காரணங்கள் உண்டு.

சீல் ஏற்கெனவே கடைசி மூச்சில் இருந்திருக்கலாம். லெவலை நிரப்பி, தினமும் எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் குறைவதே தெரியும்.

தவறான ஆயிலை ஊற்றியிருக்கலாம். இதுதான் உண்மையிலேயே ஆபத்து. பவர் ஸ்டீயரிங் ஆயில், இன்ஜின் ஆயில் மாதிரி மினரல் ஆயில் கொஞ்சம் கலந்தாலும், பிரேக் ஆயிலுக்கான ரப்பர் சீல் ஊறி உப்பிவிடும். அப்புறம் லைனில் இருக்கும் எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதுதான்.

கிளட்ச் செட்டையும் சேர்த்து மாற்றியிருக்கலாம். புது பிளேட் போட்டதும் ஸ்லேவ் பிஸ்டன் நிற்கும் இடம் மாறும். பல வருஷமாகப் போகாத இடத்துக்கு சீல் போகும், அங்கே இருக்கிற துருவில் மாட்டும். ஆயில் பலியாடு ஆகிவிடும்!

பழைய காரில் ஆயில் மாற்றும்போது நிஜமாகக் கவலைப்பட வேண்டியது ஒரு சின்ன ஸ்க்ரூவைப் பற்றி. ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற ஒரு நிப்பிள் இருக்கும். பத்து வருஷமாகத் திறக்காத நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் உடைந்துவிடும். உடைந்தால், ஆயில் மாற்றப் போன இடத்தில் ஸ்லேவ் சிலிண்டரையே மாற்ற வேண்டி வரும்.

அப்போ என்ன முடிவு எடுக்கலாம்?

கசிவு இல்லை, லெவல் இறங்கவில்லை, கியர் சுத்தமாக விழுகிறது, ஆயில் மட்டும் கறுப்பு: மாற்றிவிடுங்கள். பாட்டில் சில நூறு ரூபாய்தான், கூடவே லேபர். துரு ஆழமாக அரிப்பதற்குள் ஈரமான ஆயிலை வெளியேற்றுவதுதான் இதன் லாபம். அதே சமயம், நாளைக்கே மாற்றாவிட்டால் குடி முழுகிப்போகாது. அடுத்த சர்வீஸோடு சேர்த்துச் செய்யலாம்.

லெவல் இறங்குகிறது, பெடலில் ஈரம், பம்ப் பண்ணினால்தான் கியர் விழுகிறது: ஆயில் மட்டும் மாற்றாதீர்கள். காசு வீண். சீல் கிட் போதுமா, சிலிண்டரே மாற்ற வேண்டுமா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் பள்ளம் விழுந்த சிலிண்டருக்குப் புது கிட் போட்டாலும் அது அதிக நாள் தாங்காது. பணம் மிச்சம் என்று புதுப்பேட்டையில் பழைய சிலிண்டர் தேடுவதையும் தவிர்க்கலாம். பம்பர், கதவு, கண்ணாடி வாங்க அந்த மார்க்கெட் நல்ல இடம்தான். ஆனால் பழைய ரப்பரோடு வரும் பழைய சிலிண்டர், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பிரச்னையின் இன்னொரு பிரதிதான்.

பிளேட் ஸ்லிப் ஆகிறது, கிளட்ச் செட் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது: ஆயிலைத் தனியாக மாற்றாமல் அந்த வேலையோடு சேர்த்துவிடுங்கள். ஸ்லேவ் சிலிண்டரையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருக்கிற கார்: ஃபிகோ போன்ற சில கார்களில் இப்படித்தான். இங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். உள்ளே சீல் போனால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பார்ட்ஸைவிட லேபர் அதிகமாகிவிடும். எல்லா டெஸ்டும் சரியாக இருந்தால் மாற்றலாம். ஆனால் நல்ல அனுபவமுள்ள கையில், அவசரமில்லாத ஒரு நாளில். பெடலில் ஏற்கெனவே சின்ன சந்தேகம் இருந்தால், கிளட்ச் செட், ஸ்லேவ், ஆயில் மூன்றையும் ஒரே முறை செய்வதுதான் மலிவு.

ஊட்டி, கொல்லிமலை என்று மலையேறும் பிளான் இருந்தால், கிளம்புவதற்கு முந்தின நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். கொல்லிமலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். கிளட்சுக்கு ஓய்வே இருக்காது. இரண்டு வாரம் முன்பே மாற்றிவிட்டு, உள்ளூரில் ஓட்டி, லெவல் அப்படியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வொர்க்‌ஷாப்ல நின்னு பாருங்க

* டப்பா மூடியிலும் கையேட்டிலும் எந்த டாட் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 3 கேட்கிற காரில் டாட் 4 பொதுவாக ஊற்றலாம். டாட் 4 கேட்கிற காரில் டாட் 3 வேண்டாம். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். சில வெளிநாட்டு கார்கள் முற்றிலும் வேறு ஆயில் கேட்கும், மூடியில் எழுதியிருக்கும்.

* சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். போன வருஷம் பாதி மிஞ்சிய பாட்டில் ஷெல்ஃபில் இருந்தபடியே ஈரம் குடித்திருக்கும்.

* டப்பாவிலிருந்து உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றுவது முழு மாற்றம் ஆகாது. மாடித் தொட்டியைக் கழுவிவிட்டு, பைப்பில் நிற்கிற பழைய தண்ணீரை அப்படியே விடுகிற மாதிரி அது. கீழே நிப்பிளைத் திறந்து, தெளிவான ஆயில் வரும் வரை எடுக்க வேண்டும்.

* "நிப்பிளுக்கு முதல் நாளே துரு ஸ்ப்ரே அடிச்சிடுங்கண்ணா" என்று சொல்லி வையுங்கள். அவசரப்பட்டுத் திருக மாட்டார்கள்.

* நடுவில் டப்பா காலியாகக் கூடாது. காலியானால் காற்று ஏறும். ஒரே டப்பா உள்ள காரில் பிரேக் லைனிலும் காற்று ஏறக்கூடும். அப்படிப்பட்ட காரில் பிரேக் ஆயிலையும் சேர்த்தே மாற்றுங்கள். வண்டியை வெளியே எடுக்கும் முன் நின்ற இடத்திலேயே பிரேக் பெடலை அழுத்திப் பாருங்கள்.

* பெயின்ட் மேல் சிந்தினால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள்.

நடுரோட்டில் பெடல் அப்படியே உள்ளே போயிடுச்சா?

பதற வேண்டாம். கிளட்ச் போனாலும் பிரேக் வேலை செய்யும். ஹஸார்டு லைட்டைப் போடுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இன்ஜின் இழுவை குறையும் அந்த நொடியில் கியர் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினால் கிளட்ச் இல்லாமலே வந்துவிடும். பிரேக் பிடித்து ஓரங்கட்டுங்கள். பெடல் கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தால் காலால் மேலே தூக்கி, சில முறை பம்ப் பண்ணிப் பாருங்கள். திரும்ப வந்தாலும், அது பக்கத்து வொர்க்‌ஷாப் வரை போவதற்கான அனுமதி மட்டும்தான். ஒரே டப்பா உள்ள காரில் லெவல் மினிமம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதுகூட வேண்டாம், டோ பண்ணிவிடுங்கள்.

ஆயில் மாற்றிய பிறகு ஒரு சின்ன ஸ்டிக்கரில் தேதி, கிலோமீட்டர், டாட் எண் மூன்றையும் எழுதி பானெட்டுக்குள் ஒட்டுங்கள். டப்பாவில் அன்றைய லெவலை மார்க்கரால் ஒரு கோடு போட்டு, மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்று பிடிக்கும்போது பானெட்டைத் திறந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். ஆயில் கோட்டில் நின்றால் நிம்மதியாக ஓட்டலாம். கோட்டுக்குக் கீழே போயிருந்தால், மேலே ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். அது போன வழியை முதலில் தேடுங்கள்.